இரவல் அட்டை

போன திங்கட்கிழமையிலிருந்து நாட்டில் எல்லாருக்கும் எல்லா வைத்தியமும் இலவசம். செண்பகவல்லி பார்த்துக்கொண்டிருந்த தனியார் டாக்டரம்மா பலகையைக் கழற்றிவிட்டார். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் அரசு மையத்துக்கு வந்து, இயந்திரத்தில் கைரேகையை வைத்தாள்.

"ஆறு வருடங்களுக்கு முன் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்" என்றது அது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் நாத்தனார் கோமதியின் ஞாபகம் வந்தது. உதிரப்போக்கு நிற்காமல் அவள் துவண்டு கிடந்தபோது அவளிடம் காப்பீட்டு அட்டை இல்லை. "உன் அட்டையைக் குடு தாயி, உசுரு போகுது" என்று மாமியார் கெஞ்சினாள். ஒருத்தர் அட்டையில் சொந்தபந்தமெல்லாம் வைத்தியம் பார்த்துக்கொண்ட காலம் அது. கோமதி செண்பகவல்லியாகப் போய்ப் படுத்து, கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு பிழைத்து வந்தாள்.

"சிஸ்டர், இது புள்ள! நீங்களே தொட்டுப் பாருங்க!"

நர்ஸ் தொட்டுப் பார்த்தாள்.

"தெரியுதுக்கா. ஆனா பழைய பதிவைத் திருத்த எங்களுக்கு அதிகாரம் இல்ல. நான் கையால தொட்டுப் பார்த்ததை எழுத இதுல இடமும் இல்ல."

அதற்குள் இயந்திரம் அவள் வயிற்றைப் படம்பிடித்து, சீட்டை நீட்டிவிட்டது. 'வயிற்றில் ஒரு கிலோ கட்டி. நாளை காலை எட்டு மணிக்கு அகற்றப்படும். அழைத்துச் செல்ல வண்டி வீட்டு வாசலுக்கே வரும். கட்டணம் கிடையாது.'

சீட்டோடு அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

கட்டி உதைத்தது.