நீட்டிய மைக்

தன் புகழ்பெற்ற பாட்டின் உச்ச வரி வரும்போதெல்லாம் ராக் பாடகர் டெரிக் மைக்கை ரசிகர்கள் பக்கம் நீட்டிவிடுவார். ஐம்பது வருடமாக அவர்கள்தான் கத்திப் பாடினார்கள். பெருந்தன்மை என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. இசைத்தட்டில், டெரிக்கின் குரலுக்கு எட்டாத அந்த வரியைப் பாடியவள் மோரீன். உறையில் அவள் பெயர் வேண்டாம் என்றவர் டெரிக். லண்டனில் நடந்த கடைசிக் கச்சேரியிலும் மைக்கை நீட்டினார். கூட்டம் கைப்பேசிகளைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்ததே தவிர, ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் நரைத்த தலையோடு மோரீன் நின்றிருந்தாள். மைக் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. “பாடேன் மோரீன்,” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கெஞ்சினார். அவள் எக்கி மைக்கில் சொன்னாள்: “நீயே பாடு டெரிக். உன் பாட்டுதானே?” அரங்கம் அதிர ஆரவாரித்த கூட்டம், அவர் பாடுவதைக் கேட்க மெல்ல அடங்கியது.