இரண்டே சீட்

"இறங்கிருங்க மேடம். மயக்கம் போட்டு விழுந்தா உங்க ஆஸ்பத்திரிக்கே உங்களைத் தூக்கிட்டுப் போகணும். அசிங்கமா இருக்கும்லா?"

டிரைவர் சீட்டிலிருந்து செல்வசிங் சொன்னான். பக்கத்து சீட்டில் இருந்த தங்கபுஷ்பம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரியில கத்திரிக்கோலையும் துணியையும் ஆவியில வேக வைக்கிற ரூம்லதான் எனக்கு டூட்டி. இந்தச் சூடெல்லாம் எனக்கு ஊட்டி மாதிரி. நீங்க இறங்குங்க சார்."

"கப்பல் பட்டறையில பாய்லருக்குள்ள பூந்து வெல்டிங் அடிக்கவன் நான். எங்கிட்டயா?"

பஹ்ரைனில் அது ஜூலை மாத வெள்ளிக்கிழமை. கார் ஷோரூம் வாசலில் போட்ட பந்தலுக்குள் கூட்டம் நெருக்கித் தள்ளியது. நடுவில் செக்கச்செவேலென்று ஒரு மஸ்டாங் கோப்ரா ஆர். ரேஸ் தடத்தில் பறப்பதற்கென்றே அமெரிக்காவில் முந்நூறே முந்நூறு செய்து, அத்தோடு நிறுத்திவிட்ட வண்டி. அதற்குள் கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வண்டியே பரிசு! காலையிலிருந்து இரண்டிரண்டு பேராக ஏறியவர்கள் எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து இறங்கி ஓட, அதிக நேரம் தாக்குப்பிடித்த இந்த இருவரும் இப்போது இறுதிச் சுற்றில் இருந்தார்கள்.

மைக்கைப் பிடித்திருந்தவர் ஷோரூம் சேல்ஸ்மேன் காதர் மைதீன். அரபியிலும் இந்தியிலும் முழங்கியதைத் தமிழிலும் ஒரு முறை முழங்கினார்.

"கேட்டுக்கங்க மக்களே! இந்த வண்டியில ஏசி கிடையாது, ரேடியோ கிடையாது, பின் சீட்டும் கிடையாது. எடை குறையணும்னு கம்பெனியே எல்லாத்தையும் விட்டுட்டான். இருக்கிறது எஞ்சினும் வேகமும்தான்!"

"எங்க லேபர் கேம்ப் பஸ்லயும் ஏசி இல்ல, ரேடியோ இல்ல. அப்ப அதுவும் ரேஸ் வண்டிதானா பாய்?"

கூட்டத்தில் எவனோ கேட்டுவைக்க, பந்தலே சிரித்தது. காருக்குள் இருந்த இருவர் மட்டும் உம்மென்று இருந்தார்கள்.

பாதி இறக்கியிருந்த கண்ணாடி வழியாகக் காதர் மைதீன் மைக்கை நீட்டினார். "சொல்லுங்க செல்வசிங். வண்டி கிடைச்சா என்ன செய்வீங்க?"

"அந்தா நிக்காரே அரபி, அவருக்கு வித்துருவேன். கையோட விசாவைக் கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போயிருவேன். சாத்தான்குளத்துல சொந்தமா ஒரு பட்டறை. இந்த வெயிலோட சங்காத்தம் முடிஞ்சுது, கலாஸ்!"

பந்தல் ஓரத்தில் வெள்ளை அங்கியில் நின்ற அரபி தலையாட்டினார். யார் ஜெயித்தாலும் அங்கேயே வாங்கிக்கொள்ள அவர் தயார்.

"நீங்கம்மா?"

"நானும் அவருக்குத்தான் விப்பேன். ஈசா டவுன் பக்கம் ஒரு வீடு எடுப்பேன். ஊர்ல அக்கா வீட்டுல வளருற எம்பிள்ளையைக் கூட்டிட்டு வந்து இங்க ஸ்கூல்ல சேப்பேன்." தங்கபுஷ்பம் மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "ஜெஸ்மிக்கு ஆறு வயசு. போன்ல என்னைய ஆன்ட்டிங்கா."

கூட்டம் உச்சுக் கொட்டியது. செல்வசிங் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"விட்டுக் குடுத்துருங்கண்ணே, பாவம்!" என்று ஒருத்தி கத்தினாள்.

"எதுக்கு விடணும்? பிள்ளை அங்க இருந்தா அங்க போகவேண்டியதுதானே! அதையும் இங்க கொண்டாந்து வேக வைக்கணுமா?"

"போயி? பட்டறை ஓடலன்னா பிள்ளைக்குச் சோறு யாரு போடுவா? உங்க சுத்தியலா?"

காரியம் முற்றுவதைப் பார்த்த காதர் மைதீன், "செல்வசிங், சாவியைத் திருப்புங்க!" என்றார்.

எட்டு சிலிண்டரும் ஒன்றாக உறுமின. அந்த வண்டியில் புகைக்குழாய் பின்பக்கம்வரை போகாது, கதவுக்குக் கீழே பக்கவாட்டிலேயே முடிந்துவிடும். சத்தத்தை அடக்கும் பஞ்சைக்கூட எடைக்காகக் குறைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது.

"யப்பா, என்னா எஞ்சின்!" வேர்வைக்கு நடுவிலும் செல்வசிங்கின் முகம் மலர்ந்தது.

"வண்டியைப் பாத்தா மட்டும் பல்லு தெரியுது. டீ நேரம் தாண்டிட்டே, தலை வலிக்கும்லா சார்? வெளிய ஏலக்கா போட்டு வச்சிருக்கான். போங்க."

"இந்நேரம் உங்களுக்குக் கால் வீங்கியிருக்குமே மேடம். நீங்க போங்க."

இரண்டு பேரும் அசையவில்லை. உதடு வெடித்தது, கண் எரிந்தது. ஆனாலும் கதவுப் பக்கம் கை போகவில்லை. ஷோரூம்காரர்கள் வரவழைத்திருந்த டாக்டர் எட்டிப் பார்த்து, இனிமேல் ஆபத்து என்று கையை விரித்தார். ஷோரூம் மேனேஜர் வந்து, காதர் மைதீனின் காதில் என்னவோ சொன்னார்.

எஞ்சின் நின்றது.

"ரெண்டு பேருமே ஜெயிச்சாச்சு!" என்று அறிவித்தார் காதர் மைதீன். "வண்டியை அரபி வாங்கிக்கிறார். பணம் ஆளுக்குப் பாதி. சம்மதம்தானே?"

"முடியாது!" இரண்டு குரலும் ஒன்றாக வெடித்தன.

காதர் மைதீன் ஆடிப்போனார். "பாதியே தாராளமாப் போதுமேம்மா! இப்படியும் ஒரு பிடிவாதமா?"

தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாதி பாதியாப் பிரிச்சு என்ன பாய் பிரயோசனம்? ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தானே வரப்போகுது! ஊருக்குப் போறதா, பிள்ளையை இங்க கொண்டாறதான்னு ஒரு மாசமாச் சண்டை. ஜெயிக்கிறவங்க சொல்லுதான் நிக்கணும்னு பேசிட்டுல்லா நானும் எங்க வீட்டுக்காரரும் ஏறி உக்காந்தோம்!"