மட்கார்டில் இருந்த பள்ளம்

ஷெட்டில் மூன்று பேர் இருந்தார்கள்: பழைய டிராக்டரைப் புதுசாக்கிய இஸ்ரவேல், வண்டியின் சொந்தக்காரர் சங்கரபாண்டி, அவர் மனைவி வேலம்மாள். பதினான்கு மாத வேலை. துருவைச் சுரண்டி, என்ஜினை இறக்கி ஏற்றி, தகரத்தில் ஒரு நெளிவு விடாமல் தட்டி நிமிர்த்தி, சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தான் இஸ்ரவேல். சங்கரபாண்டி வாயைப் பிளந்து நின்றார். வேலம்மாள் இடது மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்க வண்டி இல்ல" என்றாள்.

இஸ்ரவேல் குனிந்து மட்கார்டைப் பார்த்தான். அங்கே இருந்த பெரிய பள்ளத்தைத்தான் இரண்டு நாள் மெனக்கெட்டுத் தட்டி எடுத்திருந்தான்.

"இருவது வருசம் அதுலதான உக்காந்து வந்தேன்" என்றாள் வேலம்மாள்.

"இவ கனத்துக்கு விழுந்த பள்ளம்ப்பா அது" என்று சிரித்தார் சங்கரபாண்டி.

இஸ்ரவேல் சுத்தியலை எடுத்தான். "திரும்பப் போட்டுருதேன், மதினி."

"நீ போட்டா அது ஒன் பள்ளம்லா." சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். அசைந்து பார்த்தாள். "வழுக்குது. சரி, வண்டிய எடுங்க. குண்டுங்குழியுமான ரோடாப் பாத்துப் போங்க. பள்ளம் சீக்கிரம் விழட்டும்."

வண்டி வெளியேறி, தார் ரோட்டை விட்டுவிட்டு ஓடைப் பாதையில் குலுங்கி இறங்கியது. இஸ்ரவேல் ஷெட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினான். பூட்டிய பிறகுதான் சுத்தியல் இன்னும் கையில் இருப்பதைப் பார்த்தான்.