கழித்தல் குறி

செல்போன் விளையாட்டு ஒன்றில் குத்துப்பட்டுச் சாகிறவனுக்கு என் முகத்தையும் அலறலையும் அதை உருவாக்குகிறவர்கள் பதிவுசெய்துகொண்டு போனார்கள். குத்தக் குத்த அவன் உயிர் குறைய வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் கோட் எழுதியவன் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறியைத் தட்டிவிட்டான். அந்தத் தப்பு ஒருவர் கண்ணிலும் படாமல் விளையாட்டு வெளியே வந்துவிட்டது. லாரி செட்டில் என்னோடு மூட்டை இறக்குகிறவர்கள் போனை மாற்றி மாற்றி வாங்கிக் குத்தினார்கள். குடல் சரிந்தது, தொண்டை கிழிந்தது, நான் அலறினேன், சாகவில்லை. “ஏல கொம்பையா, செத்துத் தொலைல. நீ செத்தாத்தான அடுத்த கட்டத்துக்குக் கதவு தெறக்கும்” என்றான் சப்பாணிமுத்து. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சோறு கொண்டுவந்த என் மனைவி லிங்கத்தாய் போனைப் பிடுங்கினாள். உடைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். முந்தானையால் திரையில் என் முகத்தைத் துடைத்தாள். அலறல் நிற்கவில்லை. “எங்க குத்துனா இவுக சீக்கிரம் சாவாக?” என்று சப்பாணிமுத்துவிடம் கேட்டாள்.