பரிமாறும் கரண்டி

அவன் இன்னொரு கரண்டி கேட்டான்.

"பரிமாறுறதுக்கு" என்று சேர்த்துச் சொன்னான்.

சர்வர் மேசையைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கல். அதன்மேல் இரண்டு கம்பு அடைகள், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை. இதில் பரிமாற என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம்.

"எல்லாமே ஷேர் பண்ணி சாப்பிடற மாதிரிதான் சார். கையாலயே எடுத்துக்கலாம்."

"பரவால்ல. ஒண்ணு குடுங்க."

கரண்டி வந்தது. அவன் ஓர் அடையை எடுத்துத் தன் தட்டில் வைத்தான். பிறகு கரண்டியின் கைப்பிடியை எதிரே இருந்தவள் பக்கம் திருப்பி வைத்தான்.

மரியாதையாக.

அவள் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரி கேன்டீனில் அவன் தனக்கென்று எதுவும் வாங்கமாட்டான். அவள் தட்டிலிருந்துதான் சாப்பிடுவான். வடையில் பாதியைக் கடித்துவிட்டு மீதியைத் திருப்பி வைப்பான்.

"எச்சில்டா."

"மைக்ரோபயாலஜி படிச்ச வியாதி. உனக்குத் தாலி கட்டணும்னா கிளவுஸ் போட்டுட்டுத்தான் வரணும் போல."

அவள் வீட்டில் ஆளுக்கொரு டம்ளர். அதையும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். உதடு பட்டால் அப்பாவின் முகம் மாறும். ஆய்வகத்திலும் கிட்டத்தட்ட அதே பாடம். ஒரு சோதனைக் குழாயைத் தொட்ட பிப்பெட் முனை இன்னொரு குழாயைத் தொடக்கூடாது. இரண்டையும் அவள் ஒழுங்காகக் கற்றிருந்தாள்.

ஒருநாள் ஆய்வகப் படிக்கட்டில் அவனுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கி, உதடு வைத்துக் குடித்தாள்.

அவன் கவனிக்கவில்லை. போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று முழுக்க அவள் வேறு தண்ணீர் குடிக்கவில்லை.

அடுத்த தட்டு வந்தது. தயிர்வடை என்றார் சர்வர். நுரை மட்டும்தான் தெரிந்தது. அவன் கரண்டியால் நடுவில் ஒரு கோடு கிழித்து, தன் பாதியை எடுத்துக்கொண்டான்.

"நல்லா இருக்குல்ல?"

"ம்."

போன வாரம் காரைக்குடிக்குப் போயிருந்தான். அவளைப் பற்றி வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றுதான் கிளம்பினான். இரண்டு நாளில் வரவேண்டியவன் அங்கேயே தங்கிவிட்டான். போனில் கேட்டதற்கு நேரில் சொல்கிறேன் என்றான். இந்த இடத்தையும் அவனே சொன்னான். இவ்வளவு அழகான இடத்துக்கு வரச்சொல்லி யாரும் கெட்ட செய்தி சொல்லமாட்டார்கள் என்று ஆட்டோவில் வரும்போது நினைத்துக்கொண்டாள்.

தட்டுகள் வந்தன. போயின. எல்லாமே இரண்டு வாய்தான். ஒவ்வொன்றும் காலியானதும் அவன் சமையலறைக் கதவைப் பார்த்தான்.

கதவு திறக்காத ஒரு நிமிடம் வந்தது.

"அம்மா மூணு நாள் சாப்பிடல" என்றான்.

பக்கத்து மேசையில் யாரோ தட்டைப் படம் எடுத்தார்கள்.

அவன் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் உடம்பு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கைநடுக்கம், வியர்வை, பிறகு மயக்கம்.

"இப்ப?"

அவன் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிவிட்டான்.

"இப்ப சாப்பிடறாங்க."

"நல்லது" என்றாள்.

உண்மையாகவே சொன்னாள். அதற்குப் பிறகுதான், அவன் என்ன வாக்குக் கொடுத்து அவரைச் சாப்பிட வைத்திருப்பான் என்று யோசித்தாள்.

கடைசியாக இளநீர்ப் பாயசம். ஒரே கிண்ணம். இரண்டு ஸ்பூன். மேலே ஒற்றை முந்திரி.

அவள் பாயசத்தில் முந்திரி கிடந்தால் அவன் கேட்கவே மாட்டான். எடுத்து வாயில் போட்டுக்கொள்வான்.

இப்போது அவன் கை மடியிலேயே இருந்தது.

இரண்டாம் முறை சாம்பார் கேட்கக்கூடக் கூசுகிறவள் அவள். சர்வர் நகர்வதற்குள் நிமிர்ந்தாள்.

"அண்ணா, இன்னொரு கிண்ணம் கிடைக்குமா?"

"இத ஒரே கிண்ணத்துல சாப்பிடறதுதான் ஸ்பெஷல் மேடம்."

"பரவால்ல. ஒண்ணு குடுங்க."

அவன் அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான்.

கிண்ணம் வந்தது. பாதியை அதில் ஊற்றி அவன் முன்னால் நகர்த்தினாள். முந்திரி அவளுடைய பாதியில் தங்கிவிட்டது.

தன் ஸ்பூனை எடுத்தாள். கீழே வைத்தாள்.

பரிமாறும் கரண்டியால் முந்திரியை எடுத்து, அவன் கிண்ணத்தில் வைத்தாள்.