பதினோரு மணி வரைக்கும்

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோசை சுட்டாள்.

பின்னறையில், கதவைச் சாத்திவைத்து, புருஷன் கிடந்தார். விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியாயிற்று. தலைமாட்டில் விளக்கும் ஏற்றியாயிற்று.

அழத்தான் விடவில்லை.

"யம்மா, தங்க வந்தவங்க பதினோரு மணிக்கு ரூமைக் காலி பண்ணிடுவாங்க. அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்க. சாவு வூடுன்னு போன்ல எழுதிப்போட்டாங்கன்னா அப்புறம் எவன் வருவான்? நைனாவே இருந்தாலும் இதத்தான் சொல்லியிருக்கும்."

சொன்ன மகனுக்கும் கண் சிவந்துதான் இருந்தது.

கரை நெடுக விடுதிக்காரர்கள் கல்சுவர் எழுப்பினார்கள். படகை ஏற்ற இடமில்லை. அதற்கப்புறம் கடலைப் பார்த்த முன்னறை, வந்து தங்குபவர்களுக்கு. அவருடைய வலை அங்கே சுவரில் அழகுக்குத் தொங்குகிறது.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

அவள் கையாலேயே.

"ஆன்ட்டி, இன்னொரு முறுகல்!"

கொண்டுபோய் வைத்தாள். சட்னியும் ஊற்றினாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த சிறுமி நிமிர்ந்தாள்.

"தாத்தா எங்க? காலையில நண்டு காட்றேன்னாரே."

"கடலுக்குப் போயிருக்காரு, கண்ணு."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"எப்ப வருவாரு?"

"வந்துருவாரு."

சிறுமி பாதித் தோசையை விட்டுவிட்டு ஓடினாள். அலை பார்த்து மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

பெட்டிகள் வாசலுக்கு வந்தன. வண்டியும் வந்தது.

சிறுமி வரவில்லை. அப்பா தூக்கினால் உதைத்தாள். வீறிட்டு அழுதாள். கரை முழுக்கக் கேட்டது.

அவளை யாரும் அடக்கவில்லை.

அம்மாக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"தாத்தா வராம இவ நகரமாட்டா போல, ஆன்ட்டி. இன்னிக்கு ஒரு நாள் தங்கிக்கிறோமே? எங்களுக்கும் மனசே வரல. எவ்ளோ அமைதியா இருக்கு உங்க வீடு!"

பதிலுக்கு நிற்கவில்லை. பெட்டிகள் உள்ளே திரும்பின.

மகன் பின்னறைக் கதவைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் அடுக்களைக்குப் போனாள். காலையில் தோசை கேட்பார்கள். மாவு தீர்ந்துவிட்டது.

அரிசியை அளந்து ஊறப்போட்டாள்.

ஒரு பிடியை மட்டும் நனைக்காமல் எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.