சைவக் கல்

அந்தச் சமையலறையில் இரண்டு தோசைக்கல். சைவக் கல் தோசைக்கு மட்டும். மற்றதெல்லாம் அசைவக் கல்லில். ஆணியில் தொங்கும்போதுகூட சைவக் கல் பக்கத்துக் கல்மேல் படாமல்தான் தொங்கும்.

வீட்டுக்காரி ஊருக்குப் போன அன்று, வீட்டுக்காரர் ஹாட் டாக்குக்குக் கறி சாசேஜ் சுட சைவக் கல்லையே எடுத்தார். அதில்தான் அடிப்பிடிக்காது.

"என்னைத் தொடாதே," என்றது கல்.

"தொடாம எப்படி சாமி வேகறது?" என்று கொழுப்பு உருக அதன்மேல் புரண்டது சாசேஜ்.

மறுநாள் திரும்பி வந்தவள் தோசை வார்த்தாள். "இன்னைக்கு என்னங்க, இப்படி மணக்குது?" என்று இன்னொன்றும் சாப்பிட்டாள்.

"ஆசாரமான கல்லாச்சே," என்றார் அவர்.

கல் ஆணிக்குத் திரும்பியது.

"வாங்க பங்காளி," என்றது அசைவக் கல்.

சைவக் கல் இன்னும் ஒரு விரற்கடை தள்ளித் தொங்கியது.